களி இறங்கலைன்னா அது கேஸ் இல்ல

இன்னிக்குக் கொஞ்சம் கோவமா இருக்கேன். எழுதினாதான் அடங்கும்.

வெள்ளிக்கிழமை வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூர் சந்தைக்குப் போயிருந்தேன். எங்க பக்கத்துல ஆட்டுச் சந்தைன்னா ஒடுகத்தூர்தான். ஜவ்வாது மலைக் கிராமங்கள்ல இருந்தும், அணைக்கட்டு, மாதனூர் பக்கத்துல இருந்தும் விடியும்போதே ஆடுங்க வந்து இறங்கிடும். பக்ரீத், தீபாவளி நெருங்கினா கால் வைக்க இடம் இருக்காது. வியாபாரம் முடிஞ்சு கையில காசு வந்ததும் ஜனங்க போற இடம் மூணு. டீக்கடை, பரோட்டாக்கடை, மெடிக்கல்.

அந்த மெடிக்கல்லதான் நானும் நின்னுட்டிருந்தேன். வர்றவங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுப்பா."

நெஞ்சு எரியுதா? கேஸ்.
புளிச்ச தண்ணி தொண்டைக்கு ஏறுதா? கேஸ்.
முதுகுல குத்துதா? கேஸ்.
சோறு நெஞ்சுல நிக்குதா? அதுவும் கேஸ்.

கடைசியா சொன்னேனே, அதைக் கேட்டதும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. மலையில இருந்து இறங்கி வந்த ஒரு பெரியவரு. தோள்ல துண்டு, கையில ஆட்டுக் கயிறு. "ரெண்டு மாசமா களி இறங்க மாட்டேங்குதுப்பா. கரைச்சுக் குடிச்சாதான் இறங்குது. நல்ல கேஸ் மாத்திரையா பாத்துக் குடு"ன்னாரு. கடைப் பையன் குடுத்துட்டான். நான் பின்னாடியே ஓடி, "ஐயா, இது கேஸ் இல்லீங்க, வேலூர் போய்க் காட்டுங்க"ன்னு சொன்னேன். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் நைனா"ன்னு சொல்லிட்டு பஸ்ஸைப் பாத்து நடந்துட்டாரு.

அவருகிட்ட சொல்ல முடியாததை இங்க சொல்றேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும். பொறுமையா படிங்க.

களியைப் பத்தி முதல்ல. வட ஆற்காட்டுக்காரங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்காகச் சொல்றேன். கேழ்வரகுக் களியை மெல்லக் கூடாது, முழுங்கணும். சுடச்சுட உருண்டையில ஒரு துண்டைக் கிள்ளி, நடுவுல விரலால குழி பண்ணி, கருவாட்டுக் குழம்புலயோ கீரைக் கடைசல்லயோ புரட்டி, வாயில போட்டா வழுக்கிட்டு உள்ள போயிடணும். பல்லுக்கு வேலையே கிடையாது. சின்னப் பிள்ளையில மென்னு தின்னா ஆயா தலையில ஒரு தட்டு தட்டுவாங்க, "களியைப் போயி மெல்லுவாங்களாடா?"ன்னு. அறுபது வருஷம் அப்படி முழுங்கிப் பழகின ஒரு ஆளு திடீர்னு கரைச்சுக் குடிக்க ஆரம்பிக்கிறாருன்னா, உணவுக்குழாய்ல ஏதோ ஒண்ணு வழியை மறிக்குதுன்னு அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கற சோதனையை நம்ம ஆளுங்க தினமும் தட்டுலயே பண்றாங்க. பதிலைத்தான் கண்டுக்கறதில்ல.

எங்க வீட்டுலயே நடந்தது. எங்க அத்தை. நெஞ்செரிச்சல் அவங்களுக்குப் பல வருஷமா உண்டு. காலைல எழுந்தா வாயெல்லாம் புளிப்பு. ராத்திரி தூக்கத்துல திடீர்னு புரை ஏறி உக்காந்துடுவாங்க. மாத்திரை போடுவாங்க, அடங்கும். விடுவாங்க, வரும். அப்புறம் ஒரு கட்டத்துல எரிச்சலே குறைஞ்சுபோச்சு. "நல்லாயிடுச்சு பாத்தியா"ன்னாங்க. அதே சமயத்துல சோத்துக்கு ரசம் ஜாஸ்தி ஊத்திக்க ஆரம்பிச்சாங்க. இட்லியைப் பால்ல ஊற வெச்சாங்க. கறிக்குழம்பு வெச்சா குழம்பு மட்டும் போதும்னாங்க. ரவிக்கை தொளதொளன்னு ஆச்சு. இது அத்தனையும் எங்க கண்ணு முன்னாடி நடந்துது. கேட்டா, "ஒண்ணியும் இல்லடா, கேஸு."

அத்தை கதையை அப்புறம் முடிக்கறேன். அதுக்கு முன்னாடி உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்.

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். வெறும் குழாய் இல்ல, தசை. மேல இருந்து கீழ அலை அலையாச் சுருங்கி சோத்தைத் தள்ளும். தலைகீழா தொங்கிட்டு முழுங்கினாலும் வயித்துக்குத்தான் போகும். அந்தக் குழாய் வயித்துல சேர்ற இடத்துல மூணு நாலு சென்டிமீட்டருக்கு ஒரு இறுக்கம் இருக்கு, வால்வு மாதிரி. ஆயாங்க இடுப்புல சொருகி இருப்பாங்களே சுருக்குப்பை, அதோட வாய் மாதிரி. முழுங்கும்போது திறக்கும், உடனே மூடிக்கும்.

வயித்துல ஊர்றது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வயித்துச் சுவருக்கு அதைத் தாங்கற மாதிரி தடிமனான சளிப் படலம் இருக்கு. உணவுக்குழாய்க்கு அந்த அளவுக்குக் கிடையாது. அமிலம் மேல ஏறினா வேகும்.

ஏன் ஏறுது? அந்த இறுக்கம் நிரந்தரமாத் தளர்ந்துபோச்சுன்னுதான் ரொம்ப காலம் நினைச்சாங்க. 1980கள்ல குழாய்க்குள்ளயே அழுத்தத்தை அளந்து பாத்தப்போ வேற ஒண்ணு தெரிஞ்சுது. முழுங்காத நேரத்துலயும் அது தானா சில விநாடி திறந்து மூடுது. ஏப்பம் வெளிய வர்றதே அப்படித்தான். வயிறு முட்டத் தின்னு வயிறு உப்பினா அடிக்கடி திறக்கும். காத்தோட சேர்ந்து அமிலமும் வரும். ஆக பலபேருக்கு வால்வு கெட்டுப்போகலை, வயித்தை அளவுக்கு மேல அடைக்கறதுதான் தொந்தரவு. (சில பேருக்கு வயித்தோட மேல்பகுதியே உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள்ள ஏறி இருக்கும். அதுக்கு ஹயாட்டஸ் ஹெர்னியான்னு பேர். அவங்களுக்குத் தொந்தரவு கூடுதலா இருக்கும்.)

ஆச்சரியம் என்னன்னா, இப்படி ஒரு வியாதி இருக்குன்னு டாக்டர்களுக்கே தெளிவாத் தெரிஞ்சு இன்னும் நூறு வருஷம் ஆகலை. 1935ல நியூயார்க்ல ஆஷர் விங்கிள்ஸ்டீன்னு ஒரு டாக்டர், அஞ்சு நோயாளிகளை வெச்சு, இவங்க உணவுக்குழாய் புண்ணாகறதுக்கு வயித்து அமிலம்தான் காரணமா இருக்கும்னு எழுதினாரு. அதுக்கு முன்னாடி பெரும்பாலான டாக்டருங்க அப்படி ஒரு தனி வியாதியா அதைப் பாக்கலை.

சரி, என் கதைக்கு வர்றேன். எனக்கும் இது உண்டு. குடும்பச் சொத்து.

வீட்டு வைத்தியம் எல்லாம் பண்ணிப் பாத்தேன். முதல்ல பால். குளிர்ந்த பால் ஒரு டம்ளர் குடிச்சா நெஞ்சுல அப்படி ஒரு சுகம் இறங்கும். கொஞ்ச நேரம்தான். பால்ல இருக்கற புரதமும் கால்சியமும் வயித்தை இன்னும் அமிலம் சுரக்க வைக்கும். ராத்திரி பதினோரு மணிக்குப் பால், ஒரு மணிக்கு மறுபடி எரிச்சல். விட்டுட்டேன்.

அடுத்தது சோடா. எங்க பக்கத்துல பன்னீர் சோடா குடிக்காம விருந்து முடியாது. கோலி சோடா பாட்டில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஆனா எரிச்சலுக்கு அது மருந்து இல்ல. உள்ள போற காத்து வயித்தை உப்ப வைக்குது, வால்வு திறக்குது, ஏப்பம் வருது, கூடவே அமிலமும் வருது. ஏப்பம் வந்ததும் வயிறு லேசான மாதிரி இருக்கும். ஏமாறாதீங்க.

சீரகத் தண்ணி குடிச்சேன். கெடுதல் இல்ல, பெரிய பலனும் எனக்குத் தெரியலை. மோர் ஒத்துக்கிச்சு. வாழைப்பழம் சில நாள் ஒத்துக்கிச்சு, சில நாள் இல்ல.

ஆம்பூர் பிரியாணி. இதைப் பத்திப் பேசாம எப்படி? ஒடுகத்தூர்ல இருந்து மாதனூர் வழியா போனா ஒரு மணி நேரத்துக்குள்ள ஆம்பூர். சீரகச் சம்பா அரிசி, ஊற வெச்சு அரைச்ச காய்ஞ்ச மிளகா விழுது, தயிர், கறி. பக்கத்துல கத்திரிக்காய், வெங்காயத் தயிர்ப் பச்சடி. ஆற்காடு நவாப் வீட்டுச் சமையல்ல இருந்து வந்த வழின்னு சொல்லுவாங்க. இதை விடச் சொன்னா நான் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்கப் போறதில்ல. விடவும் வேண்டாம். நான் மாத்தினது நேரத்தை. மத்தியானம் சாப்பிட்டுட்டு நடமாடிக்கிட்டே இருந்தா பேசாம இருக்கற அதே பிரியாணி, ராத்திரி பத்து மணிக்குத் தின்னுட்டுப் படுத்தா நெஞ்சைப் பொசுக்குது. கொழுப்பு இருக்கற சாப்பாடு வயித்தை விட்டு இறங்க நேரம் எடுக்கும். படுத்துட்டா அமிலம் கீழயே நிக்க வழி இல்ல. தூங்கும்போது எச்சில் ரொம்பக் குறைவாத்தான் ஊறும், முழுங்கறதும் எப்பவாவதுதான். எச்சில்ல பைகார்பனேட் இருக்கு, அதுதான் பகல் பூரா உணவுக்குழாயைக் கழுவி விட்டுட்டே இருக்கு. ராத்திரி அந்தக் காவல் கிடையாது.

எங்க தாத்தா காலத்துல விளக்கு வைக்கும்போது சாப்பிட்டுட்டுத் திண்ணையில உக்காந்து ஊர்க்கதை பேசிட்டு, அப்புறம்தான் படுப்பாங்க. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவுல மூணு மணி நேரம் வேணும்னு இப்ப டாக்டருங்க சொல்றாங்க. திண்ணையில அது தானா கிடைச்சுது. இப்ப சீரியல் முடிஞ்சு சாப்பாடு, சாப்பிட்ட கையோட படுக்கை.

எனக்கு நிஜமாவே வேலை செஞ்சது செங்கல். கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் கீழ செங்கல் வெச்சு அரை அடிக்கு மேல உசத்தினேன். தலையணையை அடுக்கினா ஆகாது, ஞாபகம் வெச்சுக்கோங்க. இடுப்புல மடங்கி வயிறு அமுங்கி இன்னும் மோசமாகும். உடம்பு முழுசும் சாய்வா இருக்கணும். அதோட இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கணும். வயிறு அமைஞ்சிருக்கற விதத்துல, இடது பக்கம் படுத்தா அமிலம் வால்வுக்குக் கீழ தங்கும். வலது பக்கம் படுத்தா நேரா வால்வு மேல வந்து நிக்கும். காசே ஆகாது. இன்னிக்கு ராத்திரியே பண்ணிப் பாருங்க.

இன்னும் ரெண்டு. லுங்கியை, பேன்ட்டை, உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டாதீங்க. தின்ன உடனே குனிஞ்சு வேலை செய்யாதீங்க. இதைச் சொல்றது சுலபம்னு எனக்குத் தெரியும். மலையில சாமைக்குக் களை எடுக்கறவங்களும், கீழ நிலத்துல மல்லாட்டை பிடுங்கறவங்களும் குனியாம எப்படி? காலையில கூழ் குடிச்சதும் கொஞ்ச நேரம் நிமிர்ந்து செய்யற வேலையை முதல்ல வெச்சுக்கிட்டாக்கூட போதும். எங்க அத்தை அப்படி மாத்திக்கிட்டதுல பகல் எரிச்சல் பாதியாச்சு.

கர்ப்பிணிங்களுக்கு எரிச்சல் ஜாஸ்தி. அந்தச் சமயத்துல சுரக்கற புரோஜெஸ்டிரான் வால்வைத் தளர்த்தும், குழந்தை வேற கீழ இருந்து அமுக்கும். "நெஞ்சு எரியுதுன்னா குழந்தைக்கு முடி நிறைய இருக்கு"ன்னு பெரியவங்க சொல்லுவாங்க இல்ல? அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல இது பொய்னு காட்டறதுக்காக 64 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பாத்தாங்க. 2006ல முடிவு வந்துது. எரிச்சல் அதிகமா இருந்தவங்க குழந்தைகளுக்கு நிஜமாவே முடி ஜாஸ்தி! சின்ன ஆய்வுதான். ஆனா படிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம். உடனே ஆயாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இதைச் சொல்ல அமெரிக்காவா வேணும்?"னாங்க.

இப்ப மாத்திரை. நான் மாத்திரைக்கு எதிரி இல்ல. அது வந்த கதையே அருமையான கதை. ஜேம்ஸ் பிளாக்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1970கள்ல சிமெடிடின் கொண்டுவந்தாரு. அதுவரைக்கும் வயித்துப் புண் முத்திட்டா கத்திதான் வைத்தியம். மாத்திரையே போதும்னு ஆச்சு. 1988ல அவருக்கு நோபல் பரிசு. அதே வருஷம்தான் ஒமிப்ரசோல் சந்தைக்கு வந்துது. பான்டபிரசோல் அதோட தம்பி. நம்ம ஆளுங்க வாங்கற "கேஸ் மாத்திரை" பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணு. (முன்னாடி எல்லார் வீட்டுலயும் இருந்த ரானிடிடினை 2022ல நம்ம நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. அதுல என்.டி.எம்.ஏ.ங்கிற, புற்றுநோய் உண்டாக்கலாம்னு கருதற பொருள் இருந்ததால அமெரிக்காவுல 2020லயே நிறுத்திட்டாங்க.)

ஒமிப்ரசோல், பான்டபிரசோல் மாதிரி மாத்திரை அமிலத்தை ஊற வைக்கற பம்ப்பையே அடைக்குது. அந்தப் பம்ப் சாப்பிடும்போதுதான் முழு வேகத்துல ஓடும். அதனால மாத்திரை அதுக்கு முன்னாடியே ரத்தத்துல தயாரா இருக்கணும். சாப்பாட்டுக்கு அரை மணியில இருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி போடணும். தின்னுட்டு, எரிய ஆரம்பிச்சப்புறம் போட்டா பாதி வீண். எனக்குத் தெரிஞ்சவங்கள்ல முக்காவாசிப் பேர் அப்படித்தான் போடறாங்க. ரொம்ப நாள் போட்டுட்டு ஒரே நாள்ல நிறுத்தினா, அடங்கிக் கிடந்த அமிலம் கொஞ்ச நாள் துள்ளும். "பாத்தியா, மாத்திரை இல்லாம முடியலை"ன்னு மறுபடி ஆரம்பிச்சுடுவாங்க. டாக்டர் சொல்றபடி படிப்படியா குறைக்கணும். வருஷக்கணக்குல போட்டா வைட்டமின் பி12, மக்னீசியம் குறைய வாய்ப்பு இருக்கு. அதையும் பாக்கணும்.

முக்கியமா ஒண்ணு. மாத்திரை அமிலத்தைத்தான் குறைக்கும். மேல ஏறி வர்றதை நிறுத்தாது. எரிச்சல் அடங்கிட்டதால குழாய் நல்லா இருக்குன்னு அர்த்தம் கிடையாது.

மாத்திரைன்னதும் இன்னொண்ணு சொல்லியே ஆகணும். மாத்திரையாலயே உணவுக்குழாய் புண்ணாகும். மழை முடிஞ்சு குளிர் மாசங்கள்ல வேலூர் வட்டாரத்துல ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வரும். புதர்ல இருக்கற கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சி கடிச்சு வர்றது. மலையடிவாரத்துல ஆடு மேய்க்கறவங்களுக்கு, விறகு எடுக்கறவங்களுக்கு அடிக்கடி வருது. அதுக்கு டாக்சிசைக்ளின் குடுப்பாங்க. உயிரைக் காப்பாத்தற மருந்து. ஆனா காய்ச்சல் அசதியில ஒரு வாய்த் தண்ணியோட போட்டுட்டு அப்படியே சாஞ்சுட்டா, குழாய் நடுவுல ஒட்டிக்கிட்டு அந்த இடத்தைப் பொத்துடும். மறுநாள் எச்சில் முழுங்கினாக்கூட உயிர் போற வலி. ஒரு முழு டம்ளர் தண்ணி, அரை மணி நேரம் உக்காந்திருக்கணும், அவ்வளவுதான். இரும்புச் சத்து மாத்திரைக்கும் மூட்டு வலி மாத்திரைக்கும் இதே கணக்குத்தான்.

இதயம். இதை மட்டும் பெரிய எழுத்துல நினைச்சுக்கோங்க. உணவுக்குழாயும் இதயமும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ரெண்டுல இருந்தும் வலியைச் சுமந்துட்டுப் போற நரம்புங்க தண்டுவடத்துல ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் வருது. மூளைக்கே எதுன்னு பிரிச்சுப் பாக்கக் கஷ்டம். நமக்கு எப்படித் தெரியும்? நெஞ்சுல பாரம், வேர்வை, தாடைக்கோ கைக்கோ வலி பரவறது, நடந்தா கூடி நின்னா குறையறது. இதுல எது இருந்தாலும் சோடா வாங்க ஆள் அனுப்பாதீங்க. 108ஐக் கூப்பிடுங்க. ஈசிஜி எடுத்துப் பாத்து "கேஸ்தான்"னு டாக்டர் சொல்லட்டும். நாம சொல்லக் கூடாது.

அத்தைக்கு வர்றேன்.

"குழாய் விடுவாங்களாமே, நான் வரமாட்டேன்"னு அடம். எண்டோஸ்கோப்பின்னா எல்லாருக்கும் இருக்கற பயம்தான். நான் அவங்களுக்கு ஒரு கதை சொன்னேன். 1868ல ஜெர்மனியில அடால்ஃப் குஸ்மால்னு ஒரு டாக்டருக்கு உயிரோட இருக்கற ஆளோட வயித்தைப் பாக்கணும்னு ஆசை. கையில இருந்தது வளையாத உலோகக் குழாய். யாரு அதை முழுங்குவா? திருவிழாவுல வாள் முழுங்கறவரைக் கூட்டிட்டு வந்தாரு! அதுல இருந்து கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் கழிச்சுதான் வளையற குழாய் வந்துது. அதுக்கு வழி பண்ணினவங்கள்ல ஒருத்தர் நம்ம நாட்டுக்காரர், பஞ்சாப்ல பொறந்த நரிந்தர் சிங் கபானி. 1954ல அவரும் ஹரால்ட் ஹாப்கின்ஸும் கண்ணாடி இழைக் கத்தை வழியா படத்தை வளைச்சுக் கொண்டுபோக முடியும்னு காட்டினாங்க. 1957ல பேசில் ஹிர்ஷோவிட்ஸ்ங்கிற டாக்டர் அந்த மாதிரிக் குழாயைச் செஞ்சு, முதல்ல தன் தொண்டைக்குள்ளயே விட்டுப் பாத்துட்டுத்தான் நோயாளிக்கு விட்டாரு.

அத்தைக்கு அந்தக் கடைசி ஆளு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. "தானே முழுங்கிப் பாத்தாரா? அப்ப சரி"ன்னாங்க.

வேலூர் போனோம். (வேலூர்க்காரங்களுக்கு இதுல ஒரு குடுப்பினை இருக்கு. 1900ல ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்ச சி.எம்.சி. ஆஸ்பத்திரி இன்னிக்கு வங்காளத்துல இருந்தும் வடகிழக்குல இருந்தும் ஜனங்க ரயில் ஏறி வர்ற இடம். அடுக்கம்பாறையில அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. அசாம்காரரு வந்துடறாரு, ஒடுகத்தூர்க்காரரு வர யோசிக்கறாரு. இது எனக்கு ஆறவே மாட்டேங்குது.)

காலையில இருந்து வெறும் வயிறு. தொண்டையில மரத்துப்போற ஸ்ப்ரே அடிச்சாங்க. கசப்பு. இடது பக்கமாப் படுக்க வெச்சு, பல்லுக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் வளையம். ஓங்கரிப்பு வந்துது, கண்ணுல தண்ணி வந்துது, ஆனா வலி இல்லைன்னாங்க. சில நிமிஷத்துல முடிஞ்சுது.

உணவுக்குழாயோட அடிப்பகுதி சுருங்கிப்போயிருந்தது. வருஷக்கணக்கா அமிலம் பட்டுப் பட்டுப் புண்ணாகி, ஆறி, தழும்பாகி, வழி குறுகிப்போச்சு. சதைத்துணுக்கு எடுத்து அனுப்பினாங்க. அந்த முடிவு வர்ற வரைக்கும் வீட்டுல யாரும் சரியா தூங்கலை. புற்று இல்லைன்னு வந்துது. பலூன் மாதிரி ஒண்ணை உள்ள விட்டு மெதுவா விரிச்சாங்க. ஒரே தடவையில முடியாது, விட்டு விட்டு செய்யணும், மாத்திரையை நிறுத்தவே கூடாதுன்னாங்க. ஆமா, அதே மாத்திரைதான்! ஆனா இப்ப எதுக்காகப் போடறோம்னு தெரிஞ்சு போடறாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி.

எல்லாருக்கும் தழும்பாத்தான் இருக்கும்னு இல்ல. அகலேசியான்னு ஒண்ணு இருக்கு. வால்வு திறக்கவே திறக்காது, குழாயோட அலையும் நின்னுடும். தின்னது எல்லாம் மேலயே தேங்கி, படுத்தா புளிக்காம அப்படியே திரும்ப வரும். (வயித்துக்குப் போயிருந்தாத்தானே புளிக்கும்?) 1674ல இங்கிலாந்துல தாமஸ் வில்லிஸ்ங்கிற டாக்டர் இப்படி ஒருத்தருக்குத் திமிங்கில எலும்புல ஸ்பாஞ்சைக் கட்டிக் குடுத்தாரு. ஒவ்வொரு வேளையும் தின்னுட்டு, அந்தக் குச்சியால சோத்தை உள்ள தள்ளித் தள்ளி அந்த மனுஷன் பல வருஷம் உயிரோட இருந்தாரு. இப்ப வாய் வழியாவே உள்ள போய் அந்தத் தசையை வெட்டி விடறாங்க. போயம்னு பேரு, ஜப்பான்ல ஹருஹிரோ இனோவே 2008ல ஆரம்பிச்சாரு.

அப்புறம் புற்று. மேல்நாட்டுல அமிலம் ஏறி ஏறி வர்ற அடினோகார்சினோமா வகை அதிகம். நம்ம நாட்டுல அதிகம் வர்றது ஸ்குவாமஸ் வகை. அதுக்குப் பெரிய காரணம் பீடி, சிகரெட், புகையிலை, சாராயம். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கறதும் சேர்த்திதான். 65 டிகிரிக்கு மேல சூடா குடிக்கறது புற்று உண்டாக்க வாய்ப்பு இருக்கற பழக்கம்னு 2016ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொல்லிடுச்சு. டீக்கடையில நின்னபடியே, உதடு சுடச்சுட ஒரே மூச்சுல உறிஞ்சறதை நம்மாளுங்க பெருமையா நினைக்கறாங்க. ரெண்டு ஆத்து ஆத்திக் குடிங்க. டீ எங்கயும் ஓடிப்போகாது.

மலையில இருக்கற பொம்பளைங்களுக்குன்னே ஒண்ணு சொல்லணும். ரத்தசோகை முத்திப்போச்சுன்னா தொண்டைக்குக் கீழ மெல்லிசா ஒரு சவ்வு வளர்ந்து வழியை அடைக்கலாம். பிளம்மர் வின்சன்னு சொல்லுவாங்க. நாக்கு வழவழன்னு ஆகும், வாயோரம் வெடிக்கும், நகம் குழிஞ்சு போகும், கெட்டியான சாப்பாடு தொண்டையிலயே நிக்கும். பின்னாடி புற்றா மாறவும் வாய்ப்பு இருக்கு. நேரத்துல பிடிச்சா இரும்புச் சத்து குடுத்தே பலபேருக்கு முழுங்கறது சரியாகுது. தமிழ்நாட்டுல பாதிக்கு மேல பொம்பளைங்களுக்கு ரத்தசோகைன்னு தேசிய குடும்ப நல ஆய்வே (2019-21) சொல்லுது. களைச்சுப்போறது, மூச்சு வாங்கறது எல்லாம் "வேலை ஜாஸ்தி"ன்னு போயிடுது. முழுங்க முடியாததும் "கேஸ்"னு போயிடுது.

ஜவ்வாது மலை மேல இருக்கற பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பலாம்பட்டு பக்கத்துல இருந்து கீழ வர்றது ஒரு காலத்துல எப்படி இருந்துதுன்னு இந்தப் பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும். முடியாதவங்களை டோலி கட்டித்தான் தூக்கிட்டு வந்தாங்க. 2023 மே மாசம் அல்லேரி மலையில பாம்பு கடிச்சுச் செத்துப்போன குழந்தையை, ரோடு இல்லாம, பெத்தவங்க கையிலயே ஏந்தி நடந்த செய்தியை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்படி ஒரு மலையில இருந்து "சோறு சரியா இறங்கலை"ன்னு ஒருத்தர் தானா கிளம்பி வேலூர் வரணும்னு எதிர்பாக்கறது நியாயமே இல்ல. அதான் அந்தப் பெரியவரு சந்தைக்கு வந்த கையோட மாத்திரை வாங்கறாரு. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல.

2021 ஆகஸ்ட்ல இருந்து "மக்களைத் தேடி மருத்துவம்"னு சுகாதாரப் பணியாளருங்க வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பாக்கறாங்க. நல்ல திட்டம். எங்க அத்தைக்கு பிரஷர் மாத்திரை அப்படித்தான் வருது. வர்றவங்க ஒரே ஒரு கேள்வியைச் சேத்துக் கேட்கணும்னு நான் கேட்டுக்கறேன். "களி, சோறு முன்ன மாதிரி இறங்குதா? தண்ணி ஊத்தித்தான் இறங்குதா?" அவ்வளவுதான். 'தண்ணி ஊத்தித்தான்'னு பதில் வந்தா, கூடவே எடையும் குறைஞ்சிருந்தா, வாந்தியில ரத்தமோ தார் மாதிரி கருப்பு மலமோ இருந்தா, மாத்திரை அட்டையைக் குடுத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடாம, எண்டோஸ்கோப்பிக்கு ஒரு சீட்டு எழுதி, எந்த நாள் எந்த பஸ்ல வரணும்னும் அதுலயே எழுதிக் குடுக்கணும்.